சுவிட்சை ஆஃப் செய்வதற்கு முன்: அலுவலக நெட்வொர்க் மொத்தமாக நின்றால் எங்கே பார்ப்பது?

கேள்வி: மூன்று மாடி அலுவலகம். ஏறக்குறைய 150 கணினிகள், ஐபி போன்கள், சிசிடிவி கேமராக்கள், வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 வரிசை சுவிட்ச் (கேபிள் வழியாகக் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) நான்கு இருக்கின்றன. அவை போதாமல் மேசைகளுக்கு அடியில் ஆங்காங்கே சின்ன எட்டு போர்ட் சுவிட்சுகள். வாரத்தில் ஓரிரு முறை, பெரும்பாலும் முற்பகலில், மொத்த நெட்வொர்க்கும் நின்றுபோகிறது. மெயின் சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. புது சுவிட்ச் வாங்க வேண்டுமா, இருப்பதையே ஒழுங்காக கான்ஃபிகர் செய்தால் போதுமா?

பதில்:

புது சுவிட்ச் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் சுவிட்சில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. யாரோ எங்கோ ஒரு கேபிளைத் தப்பான இடத்தில் செருகுகிறார்கள். அந்தத் தப்பு ஒரு போர்ட்டோடு நிற்காமல் மூன்று மாடிக்கும் பரவுகிறது. ஆக வேலை இரண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இனி யார் எங்கே தப்பாகச் செருகினாலும் அது அந்த ஒரு போர்ட்டிலேயே முடங்கும்படி செய்ய வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய வசதி உங்கள் 2960-லேயே இருக்கிறது.

முதலில் ஒன்றை நிறுத்துங்கள்: ஆஃப் செய்து ஆன் செய்வதை. சுவிட்ச் தன் லாகை, அதாவது நடந்தவற்றின் பதிவை, ரேமில்தான் வைத்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த நொடியில் எந்த போர்ட்டில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்ற தகவல் எல்லாம் போய்விடும். எர்ரர் கவுன்டர்கள் பூஜ்ஜியமாகும், எந்தக் கருவியின் அடையாள எண் (மேக் முகவரி) எந்த போர்ட்டில் என்று காட்டும் மேக் டேபிள் காலியாகும். நீங்கள் ஒவ்வொரு முறையும் சீக்கிரமாக நெட்வொர்க்கை மீட்டிருக்கிறீர்கள், சரி. ஆனால் கூடவே திருடனின் காலடித் தடத்தையும் பெருக்கித் தள்ளியிருக்கிறீர்கள். இத்தனை முறை நின்றும் காரணம் தெரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நெட்வொர்க் நன்றாக ஓடும் ஒரு நாளில், அவசரமில்லாமல் சில ஏற்பாடுகளைச் செய்துவையுங்கள். சுவிட்சை லேப்டாப்போடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் ஒன்று ரேக்கிலேயே தொங்கட்டும். நெட்வொர்க் நின்ற நேரத்தில், நெட்வொர்க் மூலமாகவே நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியாக சுவிட்சுக்குள் போக முடியாது. கன்சோல் ஒன்றுதான் வழி. லேப்டாப்பில் புட்டி என்ற மென்பொருளைத் திறந்து 9600 வேகம், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்து ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்பது இந்த நேரத்தில் தெரியவந்தால் நல்லது. நெட்வொர்க் நின்று, மேலதிகாரி பின்னால் வந்து நிற்கும்போது தெரியவந்தால் கஷ்டம்.

அடுத்தது கடிகாரம். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாத விஷயம் இது. 2960-க்குள் மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. ஆன் ஆனதும் 1993 மார்ச் 1 என்று எண்ணத் தொடங்கும். லாகில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அந்த நேரத்தை நம்ப வேண்டாம் என்று சுவிட்சே சொல்கிறது என்று அர்த்தம். ‘என்டிபி சர்வர்’ கட்டளையில் ஒரு டைம் சர்வரைக் கொடுங்கள், ‘கிளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30’ என்று நேர மண்டலத்தைக் கொடுங்கள், லாக் வரிகளில் தேதியும் நேரமும் வரும்படி ‘சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் லோக்கல்டைம்’ என்று போடுங்கள். நான்கு சுவிட்சிலும் நேரம் ஒன்றாக இருந்தால்தான் எது முதலில் நடந்தது, எது அதன் விளைவாக நடந்தது என்று வரிசைப்படுத்த முடியும். லாக் பஃபர் இயல்பாக வெறும் 4096 பைட். போர்ட்டுகள் நாலு முறை மேலும் கீழுமாகப் போனாலே நிரம்பி, பழைய வரிகள் அழிந்துவிடும். ‘லாகிங் பஃபர்டு 65536’ என்று பெரிதாக்குங்கள். முடிந்தால் ஒரு கணினியில் சிஸ்லாக் மென்பொருள் ஓடவிட்டு நான்கு சுவிட்சின் லாகையும் அங்கே அனுப்புங்கள். அப்புறம் யார் வந்து ஆஃப் செய்தாலும் தடயம் தப்பிக்கும்.

கூடவே எந்த சுவிட்சின் எந்த போர்ட் எந்த சுவிட்சுக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ போட்டால் சிஸ்கோ சுவிட்சுகள் தங்களுக்குள் எப்படி இணைந்திருக்கின்றன என்று அதுவே சொல்லிவிடும். மேசைக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சுகள் அதில் வராது. அவற்றைப் பிடிக்க ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ பாருங்கள். மற்ற சிஸ்கோ சுவிட்சுக்குப் போகாத ஒரே போர்ட்டுக்கு நேராக ஐந்து, ஆறு மேக் முகவரிகள் இருந்தால் அந்த முனையில் ஒரு சின்ன சுவிட்சோ வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டோ இருக்கிறது. அந்த போர்ட்டுகளையெல்லாம் குறித்து வையுங்கள். சந்தேகப் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி ஒரு கேபிள் எப்படி மூன்று மாடியையும் நிறுத்துகிறது என்பதற்கு வருவோம். சுவிட்ச் தனக்கு வரும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (தகவல் துண்டிலும்) அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, ‘இவர் இந்த போர்ட்டில் இருக்கிறார்’ என்று எழுதி வைத்துக்கொள்கிறது. 300 நொடி அவரிடமிருந்து எதுவும் வராவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். பெறுபவர் எந்த போர்ட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் அங்கே மட்டும் அனுப்பும். தெரியாவிட்டாலோ, எல்லோருக்குமான பிராட்காஸ்ட் என்றாலோ, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும். இங்கேதான் சிக்கல். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்ஜியமானதும் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் கிடையாது. நெட்வொர்க்கில் ஒரு வளையம் உருவாகிவிட்டால் ‘இந்த ஐபி யாருடையது?’ என்று எல்லோரிடமும் கேட்கும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி அந்த வளையத்தில் நிற்காமல் சுற்றும். சுற்றும்போதெல்லாம் மற்ற போர்ட்டுகளுக்கும் ஒரு நகல் போகும். சில நொடிகளில் எல்லா இணைப்பும் நிரம்பிவிடும். இதைத்தான் பிராட்காஸ்ட் புயல் என்பார்கள். மேக் டேபிளும் குழம்பும்: ஒரே கணினி ஒரு நொடி 5-ஆம் போர்ட்டிலும் அடுத்த நொடி 17-ஆம் போர்ட்டிலும் இருப்பதாகத் தெரியும்.

வளையம் எப்படி வருகிறது? பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். மீட்டிங் அறை மேசையில் ஒரு பேட்ச் கார்டின் ஒரு முனை சும்மா கிடக்கும். யாரோ ஒருவர், ‘கழன்றுவிட்டது போல’ என்று அதைப் பக்கத்திலிருக்கும் காலி ஐஓ பாக்ஸில் (சுவரில் உள்ள நெட்வொர்க் சாக்கெட்டில்) செருகிவிடுவார். அதன் மறுமுனை ஏற்கெனவே அடுத்த ஐஓ பாக்ஸில் இருக்கும். ஐபி போன் இன்னொரு வழி. அதன் பின்னால் இரண்டு போர்ட். ஒன்று சுவரில் இருந்து வரும் கேபிளுக்கு, மற்றது கணினிக்கு. மேசையை இடம் மாற்றும்போது இரண்டையும் சுவரில் செருகிவிட்டால் போனுக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச் வழியாக வளையம் தயார். பார்ப்பதற்கு எதுவும் தப்பாகத் தெரியாது, போனும் ஆன் ஆகும்.

உங்கள் விஷயத்தில் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கேபிள் அப்படியே இருக்க, சுவிட்சை மட்டும் ஆஃப் செய்து ஆன் செய்தால், அடுத்த பிராட்காஸ்ட் வந்ததும் புயல் மறுபடி தொடங்க வேண்டும். உங்களுக்கோ ரீஸ்டார்ட் செய்தபின் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடுகிறது. அப்படியானால் அந்த வளையம் நிரந்தரமானது இல்லை. யாரோ செருகுகிறார்கள், நெட் போனதும் பதறி அவர்களே கழற்றிவிடுகிறார்கள், அதே நேரத்தில் நீங்கள் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்து முடிக்கிறீர்கள். முற்பகலில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான் முதலில் மீட்டிங் அறைகளின் பட்டியலையும் நெட்வொர்க் நின்ற நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

அடுத்த முறை நிற்கும்போது என்ன செய்வது? ரேக்குக்குப் போங்கள். எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால் அது புயல்தான். கன்சோலில் நுழையுங்கள். பதில் மெதுவாக வரும், பொறுமையாக இருங்கள். முதலில் ‘ஷோ லாகிங்’. ‘மேக்ஃப்ளாப்’ என்ற சொல் வரும் வரியைத் தேடுங்கள். இன்ன மேக் முகவரி இந்த போர்ட்டுக்கும் அந்த போர்ட்டுக்கும் இடையே தாவுகிறது என்று இரண்டு போர்ட்டின் பெயரையும் போட்டு அந்த வரி சொல்லும். பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று அப்லிங்க் (அடுத்த சுவிட்சுக்குப் போகும் போர்ட்), மற்றது வளையம் இருக்கும் பக்கம்.

அதைவிட உறுதியான வழி ‘ஷோ இன்டர்ஃபேஸஸ்’ காட்டும் இன்புட் ரேட், அவுட்புட் ரேட் என்ற இரண்டு எண்கள். புயல் அடிக்கும்போது எல்லா போர்ட்டிலும் அவுட்புட் உச்சத்தில் இருக்கும், ஏனென்றால் சுவிட்ச் எல்லோருக்கும் நகல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கணினி இருக்கும் போர்ட்டில் இன்புட் மட்டும் கொஞ்சமாகத்தான் இருக்கும். இன்புட்டும் உச்சத்தில் இருக்கும் போர்ட் எதுவோ, புயல் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அது அப்லிங்க் என்றால் அடுத்த சுவிட்சுக்குப் போய் அங்கேயும் இதையே பாருங்கள். இரண்டு மூன்று தாவலில் ஒரு சாதாரண போர்ட்டில் வந்து நிற்பீர்கள். அந்த ஒரு கேபிளை மட்டும் கழற்றுங்கள். விளக்குகள் அடங்கினால் ஆள் கிடைத்தாயிற்று. இந்த எண்கள் இயல்பாக 5 நிமிட சராசரி. புயலின் தொடக்கத்தில் பார்த்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும். அதனால் இன்றைக்கே போர்ட்டுகளில் ‘லோட்-இன்டர்வல் 30’ என்று போட்டு 30 நொடி சராசரியாக மாற்றிவிடுங்கள்.

இனி, இது மறுபடி நடக்காமல் தடுப்பது. வளையத்தை அடையாளம் கண்டு ஒரு வழியை மூடும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கினார். 1990-இல் அது 802.1டி என்ற ஐஇஇஇ தரமாகியது. உங்கள் சுவிட்சுகளில் அது இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியும் புயல் வருகிறதென்றால், யாரோ அதை அணைத்திருக்கலாம், அல்லது வளையம் அதன் கண்ணுக்குத் தெரியாத சின்ன சுவிட்சில் இருக்கலாம்; அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் யாரும் கவனிக்காமல் விட்டால் அது தானாக ஒரு தலைமை சுவிட்சைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அந்தத் தேர்வு பெரும்பாலும் மோசமாக இருக்கும். எல்லா சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் 32768 என்று ஒன்றாகவே இருப்பதால், யாருடைய மேக் முகவரி சிறியதோ அதுவே தலைமை. மேக் முகவரி சிறியது என்றால் பல சமயம் இருப்பதிலேயே பழைய சுவிட்ச் என்று அர்த்தம். மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடப்பதுகூட மொத்த நெட்வொர்க்குக்கும் தலைமையாக இருக்கலாம். யாராவது அதன் பிளக்கைப் பிடுங்கினால் எல்லோருக்கும் நெட் ஒரு தடவை தடுமாறும். ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ’ போட்டு ரூட், அதாவது தலைமை சுவிட்ச், யார் என்று பாருங்கள். மெயின் சுவிட்சில் முன்னுரிமையை 4096 ஆக்குங்கள். அதற்கு அடுத்த இடத்தில் ஒன்றை 8192 ஆக்குங்கள். 4096-இன் மடங்குகள்தான் ஏற்கும்.

பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் திறக்க 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, ஆக 30 நொடி ஆகும். பாதையில் மறைமுகமாக மாற்றம் வந்தால் 50 நொடிவரை இழுக்கும். 2001-இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ இதையே பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடிக்கிறது. ‘ஸ்பானிங்-ட்ரீ மோட் ரேப்பிட்-பிவிஎஸ்டி’ என்று நான்கு சுவிட்சிலும் மாற்றுங்கள், வேலை நேரத்துக்கு அப்புறம்.

உங்களுக்கு உண்மையான காப்பு பிபிடியூ கார்டு. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ செய்தியின் பெயர் பிபிடியூ. கணினி, போன், பிரிண்டர் செருகும் போர்ட்டில் அந்தச் செய்தி உள்ளே வரவே கூடாது. வந்தால் அங்கே இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, அல்லது இதே சுவிட்ச் அனுப்பியதே வளையம் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. அப்லிங்க் தவிர்த்த எல்லா போர்ட்டுகளிலும் ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’, ‘ஸ்பானிங்-ட்ரீ பிபிடியூகார்டு எனேபிள்’ இரண்டையும் போடுங்கள். போர்ட்ஃபாஸ்ட் போட்டால் கணினி செருகியதும் 30 நொடி காத்திருக்காது. காலையில் கணினியை ஆன் செய்ததும் ஐபி கிடைக்கவில்லை என்று வரும் புகார் பாதி அதிலேயே குறையும். பிபிடியூ கார்டு போட்டால், வளையம் வந்த நொடியே அந்த போர்ட் எர்ர்-டிஸேபிள் ஆகி அணைந்துவிடும். மூன்று மாடி நிற்பதற்குப் பதில் ஒரு மேசை நிற்கும்.

அணைந்த போர்ட்டைத் தானாக மீட்கும் வசதியும் உண்டு; இயக்கினால் இயல்பாக 300 நொடிக்கு ஒருமுறை முயலும். முதல் சில வாரங்களுக்கு அதை இயக்காதீர்கள் என்பது என் கருத்து. போர்ட் அணைந்தால் அந்த மேசைக்காரர் உங்களைத் தேடி வருவார். அவர் என்ன செருகினார் என்று நேரில் போய்ப் பார்க்கலாம். பார்த்து, சரிசெய்து, ‘ஷட்’, ‘நோ ஷட்’ கொடுத்துத் திறந்துவிடுங்கள்.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி இருக்கிறது. மேசைக்கு அடியில் இருக்கும் மலிவான சுவிட்சுகளில் சில பிபிடியூவை அப்படியே கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கும் சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனையையும் செருகினால் ஸ்பானிங் ட்ரீக்கு அந்த வளையம் கண்ணுக்கே தெரியாது. அதற்குத்தான் ஸ்டார்ம் கன்ட்ரோல். சாதாரண போர்ட்டுகளில் ‘ஸ்டார்ம்-கன்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல் 1’ என்று வைத்தால், பிராட்காஸ்ட் அந்த போர்ட்டின் வேகத்தில் 1 சதவீதத்தைத் தாண்டும்போது சுவிட்ச் அதை வெட்டிவிடும். கூடவே ‘ஸ்டார்ம்-கன்ட்ரோல் ஆக்‌ஷன் ஷட்டவுன்’ போட்டால் போர்ட்டையே மூடும். அப்லிங்கில் இந்த ஷட்டவுனைப் போட்டுவிடாதீர்கள். ஒரு மேசையின் தப்புக்கு ஒரு மாடியே போய்விடும்.

இதெல்லாம் 150 கணினிக்கு அதிகம் என்று உங்கள் நிர்வாகம் சொன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் ஏறக்குறைய நான்கு நாட்கள் படுத்துவிட்டது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள், ஆய்வக முடிவுகளை ஆட்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய அளவைத் தாண்டி, சுவிட்சுக்குப் பின் சுவிட்சாக நெட்வொர்க் வளர்ந்துபோனதே அடிப்படைக் காரணம். அப்போது அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். அதனால்தான் இந்தத் துறையில் இருக்கும் பலரும் இன்றைக்கும் அதிலிருந்து பாடம் படிக்க முடிகிறது. அங்கே பணம் இருந்தது, நல்ல கருவி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். நெட்வொர்க் எந்த வடிவத்தில் வளர்கிறது என்பதைத்தான் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.

வளையம் இல்லையென்றால் என் அடுத்த சந்தேகம் வீட்டு வைஃபை ரவுட்டர். சிக்னல் சரியில்லை என்று யாரோ கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகியிருப்பார்கள். அது எல்லோருக்கும் ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கும். அறிகுறியில் வித்தியாசம் இருக்கிறது: வளையத்தில் எல்லோரும் ஒரே நொடியில் விழுவார்கள், இதில் ஒவ்வொருவராக விழுவார்கள். ஒரு விதிவிலக்கு: உங்கள் கேட்வே (எல்லோரும் வெளியே போகும் வாசலான ரவுட்டர்) 192.168.1.1 ஆக இருந்து, அந்த ரவுட்டரும் தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விழுவார்கள். அதனால் இன்றைக்கே ஒரு கணினியில் ‘ஏஆர்பி -ஏ’ போட்டு, கேட்வேக்கு நேராக இருக்கும் மேக் முகவரியைக் குறித்து வையுங்கள். நின்ற நேரத்தில் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், அந்தப் புது முகவரியை ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்’ கட்டளையில் கொடுத்தால் எந்த போர்ட் என்று வந்துவிடும்.

அதற்கான நிரந்தரத் தடுப்பு டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் முறைதான் டிஹெச்சிபி). நம்பகமான போர்ட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் ஐபி கொடுக்கும் பதில் வந்தால் சுவிட்ச் அதைக் குப்பையில் போடும். வரிசை முக்கியம்: முதலில் அப்லிங்கிலும் சர்வர் இருக்கும் போர்ட்டிலும் ‘ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ட்ரஸ்ட்’, அப்புறம்தான் விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்படும் தனி நெட்வொர்க்குக்கு) இயக்குவது. டிரஸ்ட் போட மறந்தால் உடனே எல்லோரும் விழமாட்டார்கள், அதுதான் ஆபத்து. புது லேப்டாப்புக்கு மட்டும் ஐபி வராது. மற்றவை லீஸ் (ஐபி முகவரி கொடுக்கப்பட்ட காலம்) முடிய முடிய ஒவ்வொன்றாகப் போகும். விண்டோஸ் சர்வரில் இயல்பான லீஸ் 8 நாள். மாற்றத்தை நீங்கள் மறந்தபிறகு புகார் வரத் தொடங்கும். சில டிஹெச்சிபி சர்வர்கள், சுவிட்ச் நடுவில் சேர்க்கும் ஆப்ஷன் 82 என்ற தகவலைப் பார்த்துக் கோரிக்கையையே நிராகரிக்கும். டிரஸ்ட் சரியாக இருந்தும் ஐபி வரவில்லையென்றால் ‘நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்’ போட்டுப் பாருங்கள்.

ஒரு மேசையில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வேறு வகை. ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்’ போட்டு வேகத்தைப் பாருங்கள். ஜிகாபிட் போர்ட், ஜிகாபிட் கணினி, ஆனால் 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முள்ளும், அதாவது இரண்டு ஜோடிக் கம்பியும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடியில் ஏதோ ஒரு கம்பி கிரிம்ப்பில் சரியாக உட்காராவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கும். 2960-இன் ஜிகாபிட் காப்பர் போர்ட்டுகளில் ‘டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர்’ என்ற சோதனை இருக்கிறது. எந்த ஜோடி எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். சோதிக்கும்போது இணைப்பு ஒரு கணம் போகலாம், பயன்படுத்துபவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் விலை குறைவு, ஆனால் சீக்கிரம் முறியும், போஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்குத் தரும்) மின்சாரம் பாய்ந்தால் சூடாகும்.

வேகம் சரி, ஆனால் எர்ரர் ஏறுகிறது என்றால் எந்த எர்ரர் என்று பிரித்துப் பாருங்கள். சிஆர்சி அல்லது எஃப்சிஎஸ் (வழியில் சிதைந்து வந்த ஃப்ரேம்கள்) ஏறினால் கேபிள், முனை, அருகில் ஓடும் மின்கம்பி ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நடந்த மோதல்), மறுபக்கம் சிஆர்சி என்றால் அது டூப்ளெக்ஸ் பொருந்தாமை, அதாவது ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுகிறது (ஃபுல்), மறுமுனை மாறி மாறித்தான் செய்கிறது (ஹாஃப்): யாரோ ஒரு முனையை 100 ஃபுல் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். எதிர்முனை ஆட்டோவில் இருக்கிறது. அதனால் பேச்சுவார்த்தை நடத்த முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடுகிறது. பிங் ஒழுங்காகப் போகும், பெரிய ஃபைல் நகலெடுத்தால் ஊர்ந்து போகும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள். அவுட்டிஸ்கார்ட்ஸ் (அனுப்ப இடமில்லாமல் கைவிட்ட ஃப்ரேம்கள்) மட்டும் ஏறினால் கேபிளைத் தொடாதீர்கள். வேகமான போர்ட்டிலிருந்து மெதுவான போர்ட்டுக்கு நெரிசல், அவ்வளவுதான்.

கேமராக்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் ஒன்றிரண்டு கேமரா மட்டும் அணைந்தால் கேமராவை மாற்றாதீர்கள். இருட்டில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். 802.3ஏஎஃப் போர்ட் ஒன்று 15.4 வாட், 802.3ஏடி போர்ட் 30 வாட் தரலாம். ஆனால் சுவிட்சுக்கு மொத்தமாக ஒரு வரம்பு இருக்கிறது. ‘ஷோ பவர் இன்லைன்’ போட்டால் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது, எந்த போர்ட்டுக்கு மறுக்கப்பட்டது என்று தெரியும். மாலை ஏழு மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் என்று சொன்னீர்கள். கணினிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என்று விலான் பிரிப்பது அடுத்த கட்டம். அதைச் செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம். ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களை ஒன்றாகக் கொண்டுபோகும் போர்ட்டில்) புது விலானைச் சேர்க்கும்போது ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 30’ என்று எழுத வேண்டும். ‘ஆட்’ என்ற ஒரு சொல்லை விட்டால், 30 சேராது. 30 மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் அந்த நொடியே வெட்டப்படும். உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் அதில் போயிருக்கும். இரண்டாவது, விடிபி, அதாவது சுவிட்சுகள் விலான் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை. எங்கிருந்தோ எடுத்துவந்த பழைய சுவிட்சின் டொமைன் பெயர் ஒத்துப்போய், அதன் ரிவிஷன் எண் உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால், அதை இணைத்ததும் அதன் விலான் பட்டியல் உங்கள் எல்லா சுவிட்சுக்கும் நகலாகி, உங்கள் விலான்கள் அழியும். நான்கு சுவிட்சுக்கு விடிபி தேவையே இல்லை. எல்லாவற்றிலும் ‘விடிபி மோட் டிரான்ஸ்பரன்ட்’ போட்டுவிடுங்கள்.

தூரத்திலிருந்து இப்படிப்பட்ட மாற்றங்களைச் செய்யும்போது, தொடங்குவதற்கு முன் ‘ரைட் மெமரி’ கொடுத்து இருப்பதைச் சேமித்துவிட்டு, ‘ரீலோட் இன் 10’ என்று கொடுங்கள். மாற்றத்தில் நீங்களே வெளியே தள்ளப்பட்டால், 10 நிமிடத்தில் சுவிட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்து, அப்புறம் சேமியுங்கள். கேன்சல் கொடுக்க மறக்காதீர்கள்.

இந்த வாரம் கடிகாரம், லாக், ரூட் முன்னுரிமை, பிபிடியூ கார்டு நான்கையும் முடித்துவிடுங்கள். ஸ்டார்ம் கன்ட்ரோலும் ஸ்னூப்பிங்கும் அடுத்த வாரம், விலான் அதற்கப்புறம். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும். மறுபடி நின்றால், எதையும் ஆஃப் செய்யாமல், நான்கு சுவிட்சிலிருந்தும் ‘ஷோ லாகிங்’, ‘ஷோ இன்டர்ஃபேஸஸ்’, ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெயில்’ மூன்றையும் எடுத்து இங்கே போடுங்கள். கடைசியில் சொன்னதில் டோப்பாலஜி மாற்றம் கடைசியாக எப்போது, எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். அதிலிருந்து மேலே பார்க்கலாம்.